வீட்டைச் சுற்றி வர ஒரு வழி

அக்காவை நினைத்தால் முதலில் வருவது அவள் முகமல்ல, ரப்பர் செருப்பின் சத்தம். அந்தி மங்குகிற நேரத்தில் நான் சமையலறையில் அரிசி களைந்துகொண்டிருப்பேன். ஜன்னலுக்கு வெளியே, வீட்டின் பின்பக்கத்தில், சப் சப் என்று அந்தச் சத்தம் இடமிருந்து வலமாகப் போகும். போகிற போக்கில் ஜன்னல் கம்பியில் விரலால் ஒரு தட்டு. "ஏட்டி, அடுப்பில என்னமோ அடி பிடிக்கு." பெரும்பாலும் ஒன்றும் பிடித்திருக்காது. எனக்கு எரிச்சலாக வரும். எங்கள் வரிசையில் உள்ள எட்டு வீடுகளையும் அப்படிச் சுற்றி, முன்பக்கத்துச் சாலை வழியாகத் திரும்பி, பக்கத்து வீட்டுக் கதவை அவள் சாத்துகிற ஓசை கேட்ட பிறகுதான் எனக்கும் அன்றைய பொழுது முடிந்தது போல இருக்கும்.

அக்கா நர்ஸ். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வளைகுடாவில் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக மாறி, தலை நரைக்கும்வரை வேலை பார்த்தாள். அங்கே அவளுக்குச் சொந்தமென்று இருந்ததெல்லாம் ஹாஸ்டலில் ஒரு கட்டிலும் அதன் அடியில் ஒரு பெட்டியும்தான். நாகர்கோவிலுக்கு வெளியே புதிதாக வரிசை வீடுகள் கட்டுகிறார்கள், ரயில் நிலையம் பக்கம், நாலுவழிச்சாலை பக்கம், தெருமுனையிலேயே பஸ் நிற்கும், நின்ற மாமரத்தையும் அயனி மரத்தையும் வெட்டாமல் சாலையை வளைத்திருக்கிறார்கள் என்று நான் போனில் சொன்னபோது, உடனே ஒன்று வேண்டுமென்றாள். வரிசையின் நடுவில் அடுத்தடுத்து இரண்டு வீடுகள். ஒன்றில் நானும் என் வீட்டுக்காரரும், மற்றதில் அவள். இரண்டுக்கும் நடுவில் ஒரே சுவர். கட்டியவர்கள் இதை 'வில்லா' என்றார்கள். எங்கள் சொந்தக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, "லைன் வீடுல்லா இது?" என்று மூக்கைச் சுளித்தார்கள். நாஞ்சில் நாட்டு ஆட்களுக்கு நாலு பக்கமும் மண் தெரியாவிட்டால் அது வீட்டுக் கணக்கில் சேராது.

அக்காவுக்கு அந்தக் குறை முதல் நாளே தட்டுப்பட்டுவிட்டது. எங்கள் அம்மை கதவடைக்குமுன் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வருவாள். கோழி அடைந்ததா, கொடியில் துணி கிடக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தாழ்ப்பாள் போடுவாள். ஹாஸ்டலில் கிடந்த காலமெல்லாம் அக்கா மனசுக்குள் கட்டி வைத்திருந்த வீடு, அப்படிச் சுற்றி வரக்கூடிய வீடு. வீட்டுப் பிரதிஷ்டை ஜெபத்துக்கு வந்த சர்ச் ஐயர், அறை அறையாக ஜெபித்து முடித்துப் பைபிளை மூடியபோது, "ஐயரே, வீட்டெ ஒருக்கா சுத்தி வந்திரலாம்" என்றாள். பாவம், அவர் சரியென்று பாடிக்கொண்டே வெளியே இறங்கிவிட்டார். வலதுபக்கம் திரும்ப வழியில்லை, எங்கள் வீடு. அதையும் தாண்டினால் வங்கி மேனேஜர் வீடு. தன் வீட்டைச் சுற்ற வேண்டுமென்றால் எட்டு வீட்டையும் சுற்றியாக வேண்டும் என்பது அப்போதுதான் எல்லாருக்கும் உறைத்தது. நாங்கள் பாடிக்கொண்டே போக, கடைசி வீட்டம்மா காணிக்கைக் கவரோடு வாசலுக்கு ஓடிவந்து, "கிறிஸ்மஸ் கேரல் ரவுண்டுக்கு இன்னும் மாசம் கெடக்கே?" என்றாள். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. அக்கா சிரிக்கவில்லை. சுற்றி முடிந்ததும், "வழி கெடக்கு, பாத்தியா?" என்றாள்.

அந்த வழிதான் பின்பக்கத்துச் சந்து. வீடுகளுக்கும் பெரிய மதிலுக்கும் நடுவில், பலாச்சருகு விழுந்து கிடக்கும் நீளமான துண்டு நிலம். பத்திரப்படி அவரவர் பின்பக்கம் அவரவருக்குச் சொந்தம், இடையில் அப்போது எதுவும் கட்டியிருக்கவில்லை. அக்கா தினமும் நடந்தாள். நர்ஸ் நடந்தால் சும்மா நடப்பாளா? பின்படியில் வைத்த ஊறுகாய்ப் பரணியின் மூடியைத் திறந்து பார்த்து, "உப்பெக் கொறையுங்கோ, உங்களுக்கு பிரஷர் உண்டுல்லா?" என்பாள். கொடியில் இரண்டு நாளாக ஒரே துணி கிடந்தால் கதவைத் தட்டிக் காய்ச்சலா என்று கேட்பாள். "சிஸ்டர் ரவுண்ட்ஸ் வாறா" என்று சிலர் சிரித்தார்கள், சிலர் ஜன்னலைச் சாத்தினார்கள். மேனேஜரின் மனைவி இரண்டையும் செய்வாள். பிரஷர் பார்க்கக் கையை நீட்டுவாள், அக்கா நகர்ந்ததும் என்னிடம், "நைட்டியோட நிம்மதியா ஒரு பாத்திரம் கழுவ முடியல்ல, டீச்சர்" என்பாள்.

பிறகு யாரோ ஒருவர் வீட்டுப் பின்கட்டில் கேஸ் சிலிண்டர் காணாமல் போனது. அது போதாதா? அயனி மரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் கூட்டம். ஒவ்வொரு வீட்டுப் பின்பக்கத்துக்கும் இடையில் குறுக்குமதில் கட்ட வேண்டும் என்றார் மேனேஜர். எல்லாரும் தலையாட்டினார்கள். அக்கா எழுந்தாள். ஆஸ்பத்திரியில் அரபிகளிடமே அதட்டிப் பேசியவள், அன்று குரல் நடுங்கப் பேசினாள்.

"மதில் கெட்டுங்கோ, நான் வேண்டாம்னு சொல்லல்ல. ஒவ்வொண்ணுலயும் ஒரு சின்ன கேட் வையுங்கோ. எனக்க செலவிலயே வைக்கேன். வீட்டெ ஒரு சுத்து வந்தாத்தான் எனக்கு கதவடைக்க மனசு வரும்."

"முன்னால நல்ல ரோடு கெடக்கே சிஸ்டர், நடந்தா போதாதா?" என்றார் மேனேஜர்.

"ரோட்டில தனியா நடந்தா எங்க போறியன்னு கேக்காங்க. பின்னால நடந்தா ஒருத்தரும் கேக்கல்ல சார். வீட்டிலதான் நிக்கேன்னு அவங்களுக்குத் தெரியும்."

நான் கத்தினேன். ஒரு கேட்டில் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்டேன். கணக்கு டீச்சர் குரல் தெருவுக்கே கேட்டிருக்கும். ஒருத்தர் பின்பக்கம் வழியாக ஊரே போவதற்கு இது என்ன பஸ் ஸ்டாண்டா என்று ஒருவர் கேட்டார், சிரிப்பு எழுந்தது, அத்தோடு கூட்டம் முடிந்தது. மதில்கள் வந்தன. சிமெண்ட் காய்வதற்குள் அக்கா போய்த் தொட்டுப் பார்த்தாள். அன்று மாலை அவள் வீட்டுப் பின்பக்கத்தில் செருப்புச் சத்தம் கேட்டது. ஒரு மதில்வரை போனது, திரும்பியது, அடுத்த மதில்வரை போனது, திரும்பியது. எனக்கு அடுப்படியில் நிற்கவே முடியவில்லை.

அதன்பிறகு அவளை வீட்டில் பிடிப்பது பெரும்பாடாகிவிட்டது. பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை. காலையில் தெருமுனையில் ஏறுவாள், இராஜாக்கமங்கலம் பக்கம் போவாள், அங்கிருந்து வேறொரு பஸ் பிடித்து முட்டம், முட்டத்திலிருந்து வேறு வழியாக வீடு. போன வழியே திரும்பி வரமாட்டாள், வட்டம் அடிக்க வேண்டும். "எங்க போனேக்கா?" என்று கேட்டால், "சும்மா, சுத்தி வந்தேன்" என்பாள். போக வர இத்தனை வசதி என்று நான்தான் பெருமையடித்துக்கொண்ட இடம். அந்த வசதி அவளை என்னிடமிருந்து கொண்டுபோய்க்கொண்டிருந்தது, எனக்குத் தெரிந்தே.

முட்டத்தில் கடல் பார்த்த ஒரு கட்டிடம், படுக்கையில் கிடப்பவர்களைப் பார்த்துக்கொள்ளும் இல்லம். ஒருநாள் உள்ளே போய்ப் பார்த்திருக்கிறாள். வந்து சொன்னபோது அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "ஏட்டி, நாலு பக்கமும் வராந்தா. ஒரு கட்டிலெயும் விடாம சுத்தி வரலாம். ஆள் வேணுமாம், தங்க ரூமும் தாறாங்க." எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. காலமெல்லாம் ஹாஸ்டலில் கிடந்து வாங்கிய வீட்டைப் பூட்டி வைத்துவிட்டு மறுபடி ஒரு ரூமுக்கா, கூடப்பிறந்தவள் சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பது உனக்குப் பெரிதில்லையா, என்னை விட்டுப் போவதுதான் உனக்குத் தொழிலா என்றெல்லாம் கேட்டேன். அவள் பெட்டிக்குள் துணியை அடுக்கினாள். பெட்டியை எடுத்துக்கொண்டு, வீட்டுச் செருப்பைப் பின்படியில் கழற்றிப் போட்டுவிட்டு, சாவியை என் கையில் தந்தாள். "உனக்க மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல மக்கா" என்றாள். அழுதது நான்தான்.

சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. தொலைக்காட்சியை உரக்க வைத்துப் பார்த்தேன், இரண்டு தடவை அலமாரியை இடம் மாற்றினேன். எதிலும் மனசு நிற்கவில்லை. கடைசியில் ஒரு கொத்தனாரைக் கூட்டிவந்து, எங்கள் இரண்டு வீட்டுப் பின்பக்கத்துக்கும் நடுவிலுள்ள மதிலை ஆள் போகிற அகலத்துக்கு உடைக்கச் சொன்னேன். அது எங்கள் இரண்டு பேர் மதில், யாரைக் கேட்க வேண்டும்? உடைத்துவிட்டு, கதவுக்குத் தாழ்ப்பாள் எந்தப் பக்கம் என்று கேட்டார் அவர். அக்காவுக்குப் போன் போட்டேன்.

"கதவே வேண்டாம்ட்டி" என்றாள்.

போன ஞாயிற்றுக்கிழமை வந்தாள். அந்த வாசல் வழியாக என் பக்கம் வந்து, மேனேஜர் வீட்டு மதில்வரை நடந்தாள். அதில் உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றாள். "ரெண்டு வீடு கெடச்சில்லா" என்று சிரித்தாள். இன்றைக்கு இரவு தங்கிவிடேன் என்று கெஞ்சினேன். ஒரு பாட்டிக்கு மருந்து கொடுக்க வேண்டுமென்று சொல்லி, மாலை பஸ்ஸில் போய்விட்டாள்.

பஸ் போன பிறகு வீட்டுக்குள் போகவே பிடிக்கவில்லை. அவள் பின்படியில் கிடந்த செருப்பை மாட்டிக்கொண்டேன். எனக்கு ஒரு சைஸ் பெரிது. அரிசி களையாமல், விளக்குப் போடாமல், அவள் பக்கத்திலிருந்து என் பக்கத்துக்கு, மேனேஜர் வீட்டு மதில்வரை போய்த் திரும்பினேன். மறுபடியும் போனேன். மதிலுக்கு அந்தப் பக்கம் பாத்திரம் கழுவுகிற சத்தம் சட்டென்று நின்றது.

"சிஸ்டர்?" என்றாள் மேனேஜரின் மனைவி. "சிஸ்டர் வந்தாச்சா? செருப்புச் சத்தம் கேட்டுதே. எனக்கு ரெண்டு நாளா ஒரே தலைசுத்தல் சிஸ்டர்."

நான்தான், டீச்சர்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. சத்தம் நன்றாகக் கேட்கும்படி இன்னொரு சுற்று நடந்தேன்.