மூச்சு வாங்கிய கிளாரினெட்

போன சனிக்கிழமை என் மகளின் பள்ளியில் ‘ஆர்கெஸ்ட்ரா வாத்தியங்கள்: ஓர் அறிமுகம்’ என்று ஒரு நிகழ்ச்சி. பெற்றோர் கட்டாயம் வர வேண்டுமாம். ஒரு காலத்தில் ஆர்கெஸ்ட்ராவில் இருந்தவன் என்ற மிதப்பில் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போனேன். மேடையில் ஒரே ஒரு ஆள், ஒரே ஒரு கீபோர்டு, பின்னால் ஒரு திரை. திரையில் வயலின் படம் வந்தால் அவர் ஒரு பொத்தானை அமுக்கி வாசிப்பார், வயலின் சத்தம் வரும். டிரம்பெட் படத்துக்கு இன்னொரு பொத்தான். வாத்தியம் என்று மேடையில் ஒரு குச்சிகூட இல்லை. எனக்கு உள்ளே கொதிக்க ஆரம்பித்துவிட்டது.

நடுவில் கரண்ட் போய் ஜெனரேட்டரை ஓடவிட்டார்கள். ஜன்னல் வழியாக டீசல் வாடை வந்தது. அவ்வளவுதான், நான் நினைப்பில் எங்கள் பழைய ஒக்கலிபுரத்துக்குப் போய்விட்டேன். எங்கள் கச்சேரிகள் எல்லாம் டீசல் வாடையில்தான் நடந்தன. அம்மன் கோயில் திருவிழா, தெருவை அடைத்து மேடை, மேடைக்குப் பின்னால் ஜெனரேட்டர், அதற்கும் பின்னால் ரயில். வாரம் முழுக்க பொம்மசந்திராவில் ஃபேக்டரி வேலை, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆர்கெஸ்ட்ரா என்று திரிந்த வயது. நான் என்ன வாசித்தேன் என்று கேட்காமல் விடமாட்டீர்கள். மராக்காஸ். கையில் பிடித்துக் குலுக்கும் கிலுகிலுப்பைதான். என் அம்மா கடைசிவரை அதை ஒரு வாத்தியம் என்று ஒப்புக்கொள்ளவே இல்லை.

எங்களிடமும் அறிமுகம் உண்டு. முதல் பாட்டு முடிந்ததும் அறிவிப்பாளர் ஒவ்வொரு வாத்தியத்தின் பெயரையும் வாசிப்பவரின் பெயரையும் சொல்வார். அந்த ஆள் எழுந்து நின்று, சொந்தமாக ஒரு துண்டு வாசித்துக் காட்ட வேண்டும். மற்ற நேரமெல்லாம் சினிமாப் பாட்டு, யாரோ போட்ட மெட்டு. இந்தத் துண்டு மட்டும் அவரவர் சொத்து. நான் நாலு குலுக்கு குலுக்கிவிட்டு உட்கார்ந்துவிடுவேன், பாவம் பார்த்துக் கைதட்டுவார்கள்.

ஜனங்கள் காத்திருந்தது கிளாரினெட் ஆறுமுகண்ணனுக்காக. சிவாஜிநகரில் துணிக்கடையில் வேலை பார்த்தவர். மேடை ஏறும் முன்பு, கிளாரினெட்டின் ஊதும் முனையில் மாட்டுகிற ரீடை வாயில் போட்டு ஊறவைத்துக்கொண்டிருப்பார், பேச்சுக் கொடுத்தால் தலையை மட்டும் ஆட்டுவார். அவருடைய துண்டு எப்போதும் ஒன்றேதான். சரசரவென்று மேலே ஏறி, உச்சியில் ஒரு ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு, மூச்சு இருக்கிற மட்டும் இழுப்பார். தெருவே அவரோடு சேர்ந்து மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும். அவர் விட்டதும் கைதட்டல் விழும். அந்தக் கைதட்டலுக்காகத்தான் அந்த மனுஷன் வாரம் முழுக்க புடவை மடித்தார்.

ஒரு வருஷம் எங்கள் மாஸ்டர் புதுக் கீபோர்டு வாங்கினார். ஆர்கெஸ்ட்ரா அவருடையது, கீபோர்டு வாசிப்பவரும் அவரே. அதில் கிளாரினெட் சத்தம் வரும் என்று தெரிந்ததும் ஆறுமுகண்ணனை நிறுத்திவிடலாம் என்று கணக்குப் போட்டார். விழாக் கமிட்டிக்காரர்கள் ஒப்புக்கொள்ள வேண்டுமே. அதற்காகத்தான் அந்த வேலை செய்தார். ஒக்கலிபுரம் திருவிழாக் கச்சேரியில், அண்ணனுக்கும் எங்களுக்கும் தெரியாமல் சவுண்டுக்காரனிடம் சொல்லி அண்ணனின் மைக்கை அணைத்துவிட்டு, அதே துண்டை கீபோர்டில் தானே வாசித்தார். எத்தனை கச்சேரியில் கேட்டது, மனப்பாடமாக இருந்தது. யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்று கமிட்டிக்குக் காட்டவேண்டும், அவ்வளவுதான்.

அண்ணன் எழுந்து நின்று ஊதினார். நடுவில் ஒருமுறை ஸ்பீக்கர் பக்கம் திரும்பிப் பார்த்தார். ஏதோ சரியில்லை என்று மட்டும் தெரிந்திருக்கும். உச்சி ஸ்வரத்துக்கு வந்து இழுத்தார், முகம் சிவந்தது, மூச்சு தீர்ந்து வாயை எடுத்தார்.

சத்தம் நிற்கவில்லை.

மாஸ்டரின் விரல் கீபோர்டு கட்டையில் இருந்தது. அவருக்கு என்ன, விரலுக்கு மூச்சா வாங்கும்? அண்ணன் கிளாரினெட்டைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு நிற்கிறார், ஸ்பீக்கரில் கிளாரினெட் பாடுகிறது.

முன்வரிசைப் பொடியன்கள்தான் ஆரம்பித்தார்கள். “டேய், டூப்புடா. சும்மா வாயில வெச்சிக்கினு நிக்கிறாரு.” தெரு முழுக்கச் சிரித்தது. “அண்ணன் நெஜமாத்தான் வாசிச்சாரு” என்று என் மைக்கில் கத்தினேன். மராக்காஸ் மைக்கில் என்றைக்கு என்ன கேட்டிருக்கிறது, அன்றைக்குக் கேட்க.

கச்சேரி முடிந்ததும் மாஸ்டரிடம் போனேன்.

“சவுண்டு கரெக்டா வந்துச்சா இல்லியா? உங்க அண்ணன சொல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கச் சொல்லுப்பா.”

“அவரு பேரு போச்சே மாஸ்டர்.”

“பேரா? அதான் மைக்குல சொன்னாங்களே.”

அவரை அன்றைக்கு அடிக்காமல் வந்ததற்கு இன்றுவரை என் கை என்னைத் திட்டுகிறது. ஆறுமுகண்ணன் மேடை ஓரத்தில் உட்கார்ந்து கிளாரினெட்டைத் துண்டு துண்டாகக் கழற்றிப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தார். “மூச்சு வாங்கினது ஒரு தப்பாப்பா?” என்று கேட்டார்.

திருடியவர் மாஸ்டர், திருட்டுப் பட்டம் அண்ணனுக்கு. வேறு ஆர்கெஸ்ட்ராக்களிலும் “டூப்பு ஆறுமுகமா, வேணாம்” என்றார்கள். துணிக்கடையிலும் அதே கிண்டல். அந்த வேலையை விட்டுவிட்டு, பொம்மசந்திராவில் ஒரு கம்பெனி கேட்டில் செக்யூரிட்டியாகச் சேர்ந்தார். ஒரு விசில் கொடுத்திருந்தார்கள். நான் பார்க்கப் போன அன்று அதை ஊதாமல், கையை ஆட்டியே லாரியை நிறுத்தினார். இப்போது அவரும் இல்லை.

பள்ளி மேடையில் கடைசியாக கிளாரினெட் படம் வந்தது. அந்த ஆள் ஒரு விரலால் கட்டையை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் பாட்டிலை எடுத்துத் தண்ணீர் குடித்தார். அவர் குடித்து முடிக்கிறவரை கிளாரினெட் நிற்காமல் பாடியது. பிள்ளைகள் கைதட்டினார்கள், பெற்றோர்கள் வீடியோ எடுத்தார்கள். நான் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன்.

“டாடி, யாரைத் தேடறீங்க?” என்றாள் மகள்.

ஒக்கலிபுரத்துப் பொடியன்களைத்தான். ஆளைத் தப்பாகப் பிடித்த பாவிகள்தான் அவர்கள், இன்னும் எனக்கு ஆத்திரம் தீரவில்லை. ஆனால் வாயை எடுத்தால் சத்தம் நிற்க வேண்டும் என்பதாவது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இந்த ஹாலில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை.