இரண்டு குதிரைக்காரரின் சாட்சியம்

வன்னியில் புதுக்குடியிருப்பில் ஆங்கிலம் படிப்பித்த வதனி, இத்தாலியின் பலெர்மோ நகரில் ஆறு வருடமாகப் பேராசிரியர் தெரனோவாவுக்குச் சமைத்தாள், உடுப்புத் தோய்த்தாள். கண் மங்கிப்போன அவருக்கு வாசித்தும் காட்டினாள். பொலிதேயாமாப் பகுதியில் இருந்த அவர் வீட்டின் மேசை நிறைய அமெரிக்கப் பழம் பத்திரிகைகளின் பிரதிகள். அங்கே சனங்கள் கண்டதாகச் சொன்ன டிராகன்களைப் பற்றி அவர் புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார்.

மிசிசிப்பி ஆற்றோரப் பாறையில் கொம்பும் செதிலுமாக வரையப்பட்டிருந்த மிருகங்களை 1673இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் பார்த்து எழுதியிருந்தார். பேராசிரியருக்கு அதைவிடப் பிடித்தது 1890ஆம் ஆண்டு அரிசோனாச் செய்தி. பாலைவனத்தில் குதிரையில் போன இருவர், சிறகு வைத்த முதலை போன்ற ஒன்றைச் சுட்டு விழுத்தி அளந்தார்களாம். நீளம் தொண்ணூற்றிரண்டு அடி.

"அந்த ரெண்டு பேரின்ரை பேர்கூட இதிலை இல்லையே" என்றாள் வதனி.

"பயந்த மனிதனுக்குப் பெயரும் கணக்கும் பிசகும். அதற்காக அவன் பார்த்தது பொய்யாகிவிடுமா?"

வதனி பிரதியை மேசையில் வைத்தாள். இறுதிப் போரில் மாத்தளனில் செல் விழுந்து கணவன் செல்வராசா இறந்த நாளை, அகதி விசாரணையில் ஒருமுறை மார்ச் பதினான்கு என்றும் மறுமுறை இருபத்தொன்று என்றும் சொல்லியிருந்தாள். அதனாலேயே விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டார்கள். மேன்முறையீடு இன்னும் கிடந்தது.

"நான் பொய் சொல்லுற ஆளில்லையெண்டு நீதிபதிக்கு ஒரு கடிதம் தருவீங்களோ?"

"நீ நல்லவள் என்று எழுதலாம். அங்கே நடந்ததை நான் பார்க்கவில்லையே, வதனி."

"அரிசோனாவிலையும் நீங்கள் நிக்கேல்லைத்தானே."

அவர் அதைப் பகிடியாக எடுத்துச் சிரித்தார். விட்ட இடத்திலிருந்து வாசிக்கச் சொன்னார்.

கடிதம் நாலு வரி. நேரத்துக்கு வருவாள், துப்புரவானவள், மீன் நன்றாகச் சமைப்பாள். அல்பெர்கேரியாப் பகுதியில் அவளோடு ஒரே அறையில் இருந்த புஸ்பவதி வாங்கிப் பார்த்தாள்.

"இதென்ன, வேலை தேடிக் குடுக்கிற கடிதமோ?"

"ஓம். அதுதான்."

ஆனால் மேன்முறையீட்டில் அந்தக் கடிதம்தான் எடுபட்டது. நிரந்தர வேலை இருப்பதால் நாட்டில் தங்குவதற்கான பெர்மெசோ இரண்டு வருடத்துக்குக் கிடைத்தது. அவள் சொன்ன கதை நம்பத்தக்கதல்ல என்றும் தீர்ப்பில் இருந்தது. "பார்த்தாயா, என் கடிதம் வேலை செய்தது" என்று பேராசிரியர் மகிழ்ந்தார். வதனி நன்றி சொன்னாள்.

பெர்மெசோவுக்குக் கைரேகை கொடுக்கப் போன இடத்தில், விதவை என்று போடுவதற்கு இறப்புச் சான்றிதழ் கேட்டார்கள். வதனியிடம் அது இருக்கவில்லை. பின்னால் வரிசை நீண்டு நின்றது. திருமணமானவர் என்ற கட்டத்தில் புள்ளடி போட்டு, கையெழுத்து வைத்துக் கொடுத்தாள்.