கலவைக்குக் கொண்டுபோன கடப்பாரை

மாசிக் கடைசியில் பள்ளிகொண்டாவிலிருந்து கலவைக்குப் போனேன், வாழைக்கன்று எடுக்க. என் அரை ஏக்கர் ரஸ்தாளி வாடல் நோயில் போய்விட்டது. இலை மஞ்சளாகித் தொங்கியது. தண்டை வெட்டினால் உள்ளே செம்பழுப்புக் கோடுகள். தங்கை சரோஜாவின் தோட்டம் கலவைக்கு அருகே செழிப்பாக இருந்தது. எங்கள் பக்கம் சொந்தக்காரர்கள் கன்றைச் சும்மா தருவார்கள், தோண்டியெடுக்கக் கடப்பாரை மட்டும் நாம் கொண்டுபோக வேண்டும்.

காலை ஆறரைக்கு வேலூர்ப் பேருந்து. பிறகு ஆற்காடு, அங்கிருந்து கலவை. எழுபது ரூபாய்க்குள் ஆனது, மூன்று மணி நேரம். ஆற்காட்டில் ‘கலவை’ என்ற பலகையை நானே எழுத்துக்கூட்டிப் படித்து ஏறினேன். படிக்கக் கற்று ஒரு வருடம்கூட ஆகவில்லை. யாரையும் கேட்காமல் ஏறுவது என்ன சுகம் தெரியுமா!

கடப்பாரையைச் சுற்றியிருந்த கோணியை நடத்துனர் தட்டினார். “இன்னா பெரியவரே, கடப்பாரையா? யார் ஊட்டுச் செவுத்துக்கு?” பேருந்தே சிரித்தது.

அழுக்கோடு அடுத்தவர் தோட்டத்தில் நுழையக்கூடாது என்று, சரோஜா தோட்டத்துக்குத் தண்ணீர் போகும் வாய்க்காலில் செருப்பையும் கடப்பாரையையும் கழுவினேன். தங்கை வீட்டுக்காரர் கோவிந்தன் பார்த்துவிட்டார்.

“மச்சான், அது ஒந்தோட்டத்து மண்ணா?”

“ஆமா. நேத்துகூட பட்ட மரத்தைத் தோண்டுனேன்.”

ஓடிப்போய் முதல் மடையை மண் போட்டு அடைத்தார். அதற்குள் ஒரு வரிசைக்குத் தண்ணீர் போயிருந்தது.

“நோவே அந்த மண்ணுலதான் கீது! சித்திரைக் கல்யாணத்துக்கு வெட்ட வேண்டிய தாரு. வேற வருமானம் எனக்கு இன்னா கீது?”

“எங்கண்ணன வாய்க்கா ஓரத்துல நிக்க வெச்சே பேசுவியா?” என்றாள் சரோஜா.

“ஊட்டுக்கு இட்டுனு போயி சோறு போடு. தோட்டத்துல மட்டும் உடாத.”

எனக்கும் கோபம். “கன்னு குடுக்க மனசில்லன்னா சொல்லிடு.”

“குடுத்தா எங்க நடுவ? அதே மண்ணுலதான? வருசக்கணக்கா அங்கயே கெடக்கும் மச்சான். நெல்லு போடு.”

சாப்பிடாமல் திரும்பினேன்.

கன்றுக்குப் போகிறவர்கள் கடப்பாரையை வீட்டில் வையுங்கள். செருப்பைப் புறப்படும் முன்பே கழுவுங்கள். பட்ட மரத்தை வாய்க்காலில் போடாமல் நின்ற இடத்திலேயே கொளுத்துங்கள். நோய் கண்ட நிலத்தில் உடனே வாழை நடாதீர்கள்.

நோய் பரவாமலிருக்க, நான் கழுவிய தண்ணீர் போன அந்த வரிசைக்குக் கோவிந்தன் இன்னும் தண்ணீர் விடவில்லை. அதில் தாரோடு நின்ற மரங்களின் இலை மஞ்சளாகிவிட்டது என்று நேற்று சரோஜா போனில் சொன்னாள். தண்ணீர் இல்லாமல் காய்ந்ததாலா, என் கடப்பாரை மண்ணாலா என்று அவளுக்கும் தெரியவில்லை.