பட்டினி எலிகள்

பதுளையில் டொக்டர் மொஹிதீன் தன் மருந்தகத்துக்குப் பின்னால் இருந்த இரண்டு அறைகளை ஆய்வுகூடமாக மாற்றியிருந்தார். மலைநாட்டு மூலிகைகளில் எது உண்மையில் வேலை செய்கிறது, எது வெறும் நம்பிக்கை என்று பிரித்துப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. ஸுலைஹா அங்கே வேலைக்குச் சேர்ந்தபோது அவளுக்கு இருபத்திரண்டு வயது. இலைகளை உலர்த்தி, இடித்து, ஸ்பிரிட்டில் ஊறவைத்து, வடித்த சாற்றை எலிகளுக்குப் புகட்டுவாள். பிறகு வால் நுனியில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துச் சீனி அளவு பார்ப்பாள்.

அப்புத்தளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும் பெரியாயி, கணவர் இராமையாவின் இருமலுக்கு மருந்து வாங்க வரும்போதெல்லாம் ஏதாவது இலை கொண்டுவருவாள். 1973இல் ஒரு நாள் கசப்புக்கொடி என்று ஒரு கட்டு கொண்டுவந்தாள். தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் லயத்தில், சீனி வருத்தம் என்ற நீரிழிவு உள்ளவர்கள் அதைக் காய்ச்சிக் குடிப்பார்களாம்.

அதன் சாறு, சீனி வருத்தம் உண்டாக்கப்பட்ட எலிகளில் அளவை நன்றாகக் குறைத்தது. டொக்டர் சிரித்ததை அன்றுதான் ஸுலைஹா முதன்முதலாகக் கண்டாள்.

அடுத்த முறை பெரியாயி வந்தபோது முகம் ஒட்டிப்போயிருந்தது. தோட்டத்தில் பங்கீட்டு மாவு குறைந்து, பிறகு நின்றே போயிருந்தது. வேலையும் வாரத்தில் இரண்டு நாள்தான்.

"கண்ட இலையத்தான் அவிச்சுத் திங்கிறோம் தங்கச்சி. இந்தக் கொடியையும் திங்கலாமா? இது மட்டுந்தான் இன்னும் நெறைய கெடக்கு."

"நல்ல இலை அக்கா. நாங்க சோதிச்சுப் பார்த்தாச்சு. பயமில்லாம சாப்பிடுங்க" என்றாள் ஸுலைஹா. சொல்லும்போது அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

மூன்று வாரம் கழித்து, நோயில்லாத எலிகளிலும் சாற்றைப் பார்க்கலாம் என்றார் டொக்டர். முறைப்படி முந்தின நாளே தீனியை நிறுத்தினார்கள். காலையில் சாறு புகட்டி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, எலிகளின் முன்கால்கள் வெட்டி வெட்டி இழுத்தன. ஒவ்வொன்றாகப் பக்கவாட்டில் சாய்ந்தன. டொக்டர் ஓடிவந்து சீனித்தண்ணீர் கொடுக்கச் சொன்னார். கொடுத்த இரண்டு எலிகள் எழுந்து நடந்தன. மற்ற நான்கும் செத்தன.

"வெறும் வயித்துக்கு இது ஆபத்து, சீனி ஒரேயடியா இறங்கிடுது" என்றார் அவர். "குறிச்சு வை."

ஸுலைஹா பேனையை வைத்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

லயத்து வாசலில் பெரியாயி தனியாக உட்கார்ந்திருந்தாள். இராமையாவை அடக்கம் செய்து எட்டு நாள் ஆகியிருந்தது.

"கெடச்ச கஞ்சிய புள்ளைங்களுக்கே குடுத்துட்டு, அவரு அந்தக் கொடி அவிச்ச தண்ணிய மட்டும் குடிச்சாரு. அன்னிக்குக் காலையில வேர்த்துக் கொட்டிச்சு. கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்துச்சு. அப்படியே போயிட்டாரு. பசிதான் தங்கச்சி. வேற என்ன?"

ஸுலைஹா, "அந்தக் கொடிய இனிமே யாரும் சாப்பிடாதீங்க அக்கா, புதுசாச் சோதிச்சதுல சரியில்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு, மற்ற லயங்களிலும் வாசல் வாசலாக அதையே சொல்லிக்கொண்டு போனாள்.

அதற்குப் பிறகு எலிகளுக்குச் சீனி கரைக்கும்போதெல்லாம் அவள் கை நின்றுவிடும். கூட்டில் ஏதாவது ஒரு எலி பக்கவாட்டில் படுத்துத் தூங்கினாலும் அதைத் தட்டி எழுப்புவாள். சில நாட்களில் மருந்தகப் பக்கத்திலிருந்து இராமையாவின் இருமல் கேட்பதுபோல் இருக்கும். எழுந்துபோய்ப் பார்ப்பாள், வேறு யாராவது இருப்பார்கள், அல்லது பெஞ்சு வெறுமையாக இருக்கும்.

டொக்டர் பலமுறை சொன்னார்: "அந்த வருஷம் கொடி சாப்பிடாதவங்களும் செத்தாங்க, ஸுலைஹா."

"அவங்ககிட்ட நான் சாப்பிடச் சொல்லல்லயே டொக்டர்."

1977இல், தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்கு அனுப்பும் ஒப்பந்தப்படி பெரியாயிக்கும் பத்திரம் வந்தது. ஸுலைஹா அப்புத்தளை ஸ்டேஷனுக்குப் போனாள். பனிக்குள் பெட்டிகளும் அழுகையுமாக இருந்த மேடையில் அவளைத் தேடிப்பிடித்து, நான்கு வருடம் அடக்கிவைத்திருந்ததை எல்லாம் சொன்னாள். எலிகளை, அவை துடித்ததை, சீனித்தண்ணீரை.

பெரியாயி கோபப்படவில்லை. தன் இரண்டு கைகளையும் திருப்பிப் பார்த்தாள்.

"நீங்க வாயாலதானே சொன்னீங்க. காய்ச்சி ஊத்திக் குடுத்தது நான்" என்றாள். பிறகு, மெதுவாக, "ஒரு வாய் சீனித்தண்ணியில பொழைச்சிருப்பாரா?"

ரயில் வந்தது. பிள்ளைகள் அவளை உள்ளே இழுத்தார்கள். பசி கொன்றது என்று நம்பி நிம்மதியாகப் போயிருக்க வேண்டியவளை இப்படி அனுப்பிவிட்டோமே என்று, ரயில் நகரத் தொடங்கிய பிறகுதான் ஸுலைஹாவுக்கு உறைத்தது.

அப்படிப் போனவர்களைத் தங்கவைத்த திருச்சிப் பக்கத்து முகாம் விலாசத்துக்கு மூன்று கடிதம் எழுதினாள். ஒன்று திரும்பி வந்தது. மற்ற இரண்டுக்கும் பதில் இல்லை. டொக்டர் ஆய்வுகூடத்தை மூடும்வரை, 1984 வரை, அவள் அங்கேதான் வேலை செய்தாள். பட்டினி எலிகளில் பார்க்காத எந்தச் சாற்றையும் நல்லது என்று எழுத அவள் விடவில்லை. அந்தச் சோதனையை வேறு யாரையும் செய்யவும் விடவில்லை. ஒவ்வொரு முறையும் தானே புகட்டிவிட்டு, கூட்டின் முன்னால் அசையாமல் உட்கார்ந்திருப்பாள்.