ஏணிப் படத்தில் விழுந்த நீல முக்கோணம்

நவீன ஓவியம் எனக்குப் புரியாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இருந்தும் சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரத்துக்குக் கிளம்பினேன். என்னோடு வேலை பார்க்கும் நண்பரின் அக்கா வசந்தி அங்கே படம் வரைகிறார். ஐம்பத்து நான்கு வயதில் முதல் தனிக் கண்காட்சி, மறுநாள் தொடக்கம். வேலை செய்யும் இடத்தைப் பார்க்கலாமா என்று கேட்டேன், வரச் சொன்னார்.

காலை 6.10க்கு வடசேரியில் பேருந்து ஏறி, திருவனந்தபுரம் தம்பானூர் பேருந்து நிலையத்தில் இறங்கியபோது 8.40. ஏறக்குறைய எழுபது கிலோமீட்டர். அங்கிருந்து மொத்த வியாபாரக் கடைகள் நிறைந்த ஆரியசாலைக்குப் பதினைந்து நிமிட நடை. சரக்கு இறங்குகிற நேரத்தில் ஆட்டோ எடுக்காதீர்கள், நடப்பவர்தான் முதலில் போய்ச் சேருவார்.

வசந்தி அக்காவின் வீட்டுக்காரருக்குச் சாக்கு வியாபாரம். கீழே கடை, மேலே மச்சில் அக்காவின் படங்கள். ஏறுவதற்கு ஒரு மர ஏணிதான். முட்டுவலிக்காரர்கள் யோசித்துக்கொள்ளவும்.

கண்காட்சியின் பெரிய சுவருக்கான படம் அங்கே நின்றது. ஐந்தடிக்கு நான்கடி. கிழிந்த சாக்கு, தார்ப்பாய்த் துண்டு, தேயிலைச் சாயம், சுண்ணாம்பு, துரு எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக. எட்டு மாத வேலை.

"என்ன வரையணும்னு யோசிச்சுட்டு உக்காந்தா ஒண்ணும் வராது தம்பி. உள்ளங்கையால தடவிப் பாப்பேன். கை எங்க நிக்குதோ அங்க தொடங்கும்" என்றார். படத்தில் தற்செயலாக விழுந்த கறை எதையும் அழிப்பதில்லையாம். பாதியில் படத்தை நாலு பக்கமும் திருப்பி வைப்பாராம், எது மேல் எது கீழ் என்பது கடைசியில்தான் முடிவாகும்.

எல்லாப் படங்களிலும் சணல் நூலால் தைத்த ஓர் ஏணி இருந்தது. "இப்ப நான் ஏறி வந்ததுதானே?" என்றேன். "அப்படியா? இருபது வருஷமா ஏறுறேன், தோணவே இல்லையே" என்றார். எனக்குக் கொஞ்சம் கர்வமாக இருந்தது.

பன்னிரண்டு மணிக்குள் படம் காட்சிக்கூடச் சுவரில் ஏற வேண்டும், இல்லையென்றால் அந்தச் சுவரைப் பக்கத்து அறைக் கண்காட்சிக்காரருக்குக் கொடுத்துவிடுவார்கள். நாங்கள் டீ குடிக்கப் போன நேரத்தில் கடையில் சுமை தூக்கும் தங்கையன் படத்தைக் கட்டி, பெட்டி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு முன்னால் போய்விட்டார். நாங்கள் பின்னால் ஆட்டோவில், மூன்று கிலோமீட்டர், அறுபது ரூபாய்.

காட்சிக்கூட வாசலில் படம் சாய்ந்து நின்றது. அதன் முகத்தில், இடதுபக்க மேல்மூலையில், உள்ளங்கை அகலத்துக்கு நீல மையில் ஒரு முக்கோணம், நடுவே புள்ளி. சாக்குகளில் குத்தும் கடையின் அடையாள மார்க்கா.

"நல்ல பக்கத்துக்குப் பேப்பர் சுத்திட்டேன் அக்கா" என்றார் தங்கையன். அவர் சொன்னது சுத்தமான வெள்ளைப் பின்பக்கத்தை. "சாக்கு வெளிய போனா மார்க்கா போடணும்லா."

அக்கா அவரைத் திட்டவில்லை. துடைப்பதற்கு ஓர் ஈரத்துணியை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "நான் போட்டிருந்தா விட்டிருப்பேன். இது என் கை இல்லையே தம்பி."

காட்சிக்கூட ஊழியர் எட்டிப்பார்த்தார். "சேச்சி, மணி பதினொண்ணே முக்கால் ஆச்சு, கேட்டோ."

துணியைக் கீழே போட்டார். படத்தைத் தலைகீழாகத் திருப்பினார். ஏணி கவிழ்ந்தது, முக்கோணம் ஓவியர்கள் கையெழுத்துப் போடும் வலதுபக்கக் கீழ்மூலைக்குப் போனது. "மாட்டுங்க" என்றார்.

வெளியே வந்ததும் என்னிடம் சொன்னார்: "நாளைக்கு வர்றவங்க அந்த மார்க்காவைத்தான் நல்லாருக்குன்னு சொல்லுவாங்க. அதுதான் எனக்குத் தாங்காது."

போக நினைப்பவர்களுக்கு: நுழைவுக் கட்டணம் இல்லை, காலை பத்து மணிக்குத் திறக்கிறார்கள். தம்பானூர் விடுதியில் எனக்கு ஓர் இரவுக்குத் தொள்ளாயிரம் ஆயிற்று. படங்களுக்கு முன்னால் "இதற்கு என்ன அர்த்தம்" என்று கேட்பதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். பாதி அவருக்கே தெரியாது.

மறுநாள் பத்தே காலுக்கு முதலில் வந்த தம்பதி நேராகப் பெரிய சுவருக்குப் போனார்கள். அந்த அம்மாள் குனிந்து நீல முக்கோணத்தைக் காட்டி, "இதாணு நல்லது" என்றார். வசந்தி அக்கா என்னைப் பார்த்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். முந்தின நாள் வாசலில் என் கண்ணும் அங்கேதான் நின்றது, எனக்கும் அதுதான் பிடித்திருந்தது. அதை அவரிடம் இன்னும் சொல்லவில்லை.