அக்கா நிரப்பி அனுப்பிய கார்த்திகைத் தட்டு

அரங்கன் திருவடி நிழலில் என் அக்கா ஓய்வு கொண்டு இந்த ஐப்பசித் திதியோடு ஒரு வருஷம் நிறைகிறது. திதிக்கு வந்து இலையில் அமர்ந்து வாழ்த்திய உறவினர்களுக்கும், வர இயலாமல் இந்த நினைவு மலரை மட்டும் கையில் பெறுகிறவர்களுக்கும் முதலில் என் வணக்கம்.

அக்காவைப் பற்றி நான்தான் எழுத வேண்டும் என்று அத்தான், அதாவது அக்காவின் கணவர், சொல்லிவிட்டார். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். திருச்சியில் வாழைக்காய் மண்டியில் வேலை. நாலு பேர் முன்னால் நின்று பேசச் சொன்னால் எனக்கு நா எழாது. ஆனால் அக்காவின் காரியம் என்றால் பின்வாங்கக் கூடாது. அதை அக்காவிடமிருந்தே கற்றேன்.

அக்கா பிறந்தது ஜீயபுரத்தில். எங்கள் தகப்பனார் குத்தகைக்கு வாழை போட்டவர். அக்காவுக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. வருஷத்தின் வரிசையை அவர் பௌர்ணமிகளை வைத்தே தெரிந்துகொண்டார். சித்திரையில் காவிரி மணலில் சித்திரான்னம், ஆடியில் புதுவெள்ளத்துக்குக் காதோலை கருகமணி, மார்கழியில் வாசல் சாணத்தில் பூசணிப்பூ என்று ஒவ்வொரு பருவத்துக்கும் கையால் செய்ய ஒரு வேலை இருந்தது. அந்தந்தப் பொருளைக் கடையில் வாங்கினால் பண்டிகை ஆகாது என்பது அக்காவின் கட்சி.

சித்திரா பௌர்ணமிக்கு வாசலில் மாக்கோலத்தால் சித்திரகுப்தனை வரைவார்கள். மனிதர்கள் செய்வதையெல்லாம் எழுதிவைக்கிற அவருக்கு ஒரு கையில் ஏடு, மறு கையில் எழுத்தாணி. சிறுமியாக இருந்த அக்கா ஒரு வருஷம் ஏட்டை மட்டும் வரைந்துவிட்டு எழுந்துவிட்டார்.

"எழுத்தாணி எங்கேடி?" என்று தகப்பனார் கேட்டார்.

"வேணாம்ப்பா. கையில அது இல்லேன்னா என்னத்த எழுதப் போறாரு? இந்த வருஷம் சும்மா உக்காந்துட்டுப் போகட்டும்."

தகப்பனாருக்குக் கோபம் வந்ததா, சிரிப்பு வந்ததா என்று சொல்ல முடியாது. கோலத்தை அப்படியே விட்டுவிட்டார். அதன் பிறகு எங்கள் வீட்டுச் சித்திரகுப்தனுக்கு எழுத்தாணி கிடையாது.

காவிரி பெருகி வந்த ஒரு மழைக்காலத்தில் எங்கள் தாயார் காய்ச்சலில் போய்விட்டார்கள். அதன் பின் எனக்குச் சோறு பிசைந்து கொடுத்தது அக்காதான். கல்யாணமாகி ஸ்ரீரங்கம் வடக்கு வாசல் பக்கம் குடிவந்தபோது என்னையும் உடன் அழைத்து வந்தார். "சீரோட சேர்த்து ஒரு பையனையும் குடுத்தாங்க" என்று அத்தான் வந்தவர்களிடம் சொல்லிச் சிரிப்பார். சொன்ன சொல்லில் ஒரு முள்ளும் இருக்காது.

அத்தான் கைவேலைக்காரர். ஆடிப் பதினெட்டுக்குத் தெருப்பிள்ளைகள் இழுத்துப் போகிற சின்னச் சப்பரங்களைத் துண்டு மரத்தில் செய்து கொடுப்பார். கார்த்திகைக்கு மாவலி கட்டுவதும் அவர்தான். பனம்பூவைக் குழியில் இட்டுக் கொளுத்தி, மண் மூடிக் கரியாக்கி, இடித்துப் பொடிசெய்து, உப்புச் சேர்த்துத் துணியில் இறுகச் சுருட்டி, பனைமட்டைக் கீற்றுகளுக்கு நடுவே வைத்துக் கயிற்றில் கட்டுவார். நெருப்பு வைத்துத் தலைக்கு மேல் சுற்றினால் பொறிகள் பூவாகச் சொரியும். மகாபலிச் சக்கரவர்த்தியின் உடம்பில் பற்றிய எரிச்சல் கார்த்திகை விளக்கில்தான் தணிந்தது, அந்த நினைவுக்குத்தான் மாவலி என்று அக்கா பிள்ளைகளுக்குக் கதை சொல்வார். "எரிச்சல் தணிய எதுக்கு நெருப்பு?" என்று ஒரு வாண்டு கேட்டதற்கு, "உங்க ஆத்தா வெந்த கையை அடுப்புகிட்ட காட்டறதில்லையா, அந்த மாதிரி" என்று உடனே பதில் வந்தது.

அவர்களுக்கு ஒரு மகள் பிறந்தாள். வேலை மந்தமானபோது அத்தான் ரங்கூனுக்கு அரிசி ஆலை வேலைக்குப் போனார். அக்கா ஜீயபுரத்திலிருந்து வாழைமட்டை வரவழைத்து, நார் உரித்துக் காயவைத்து, பூக்கட்டுகிறவர்களுக்கு விற்றார். தாமும் மாலை கட்டினார். மகளையும் என்னையும் அந்த நார்தான் காப்பாற்றியது. பௌர்ணமிகள் ஒன்றுகூட விடுபடவில்லை. அத்தான் இல்லாத ஆடிக்கு அக்காவே கொட்டாங்கச்சியில் சக்கரம் வெட்டிச் சப்பரம் செய்தார். அது கோணிக்கொண்டு ஓடியது. "பரவால்ல, காவேரிக்கு வழி தெரியும்" என்றார்.

பிறகு யுத்தம் ரங்கூனுக்கு வந்தது. அங்கிருந்த நம்மவர்கள் காட்டு வழியாக நடந்து வரத் தொடங்கினார்கள். அத்தானிடமிருந்து கடிதம் நின்றது. அந்த வருஷம் ஐப்பசிக் கடைசியில், அவரோடு புறப்பட்ட ஒருவர் எலும்பும் தோலுமாக ஊர் வந்து சேர்ந்தார். அத்தானைக் கடுங்காய்ச்சலோடு வழியில் ஒரு ஆற்றங்கரையில் விட்டுவிட்டு வந்ததாகச் சொல்லி அழுதார். அதற்கு மேல் அவருக்குத் தெரியாது.

உறவினர்கள் கூடினார்கள். கார்த்திகை கழிந்ததும் கருமாதி செய்துவிடலாம், அதுவரை இந்த வீட்டில் பண்டிகை வேண்டாம் என்றார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அக்கா சுவரோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்:

"போயிட்டார்னு யாரு பார்த்தாங்க? பார்த்தவங்க வந்து சொல்லட்டும், நான் கேட்டுக்கறேன். சித்திரகுப்தன் கையிலேயே எழுத்தாணி குடுக்காதவ நான். உங்க கையில குடுப்பேனா?"

நம் பக்கத்து வழக்கத்தை இளையவர்களுக்காக இங்கே எழுதிவைக்கிறேன். இறப்பு நேர்ந்த வீட்டில் ஒரு வருஷம் பண்டிகை கிடையாது. அடுப்பில் பலகாரம் ஏறாது. உறவினர்கள் தங்கள் வீட்டில் செய்ததைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்து கொடுப்பார்கள். மற்ற வீடுகளில் வந்த தட்டை வெறுமையாக அனுப்பமாட்டோம். துக்க வீட்டில் மட்டும் எதுவும் வைத்துத் திருப்பக் கூடாது. வைத்தாலும் யாரும் வாயில் இடமாட்டார்கள். ஆகவே அந்தக் கார்த்திகைக்கு அக்கா பலகாரம் செய்தால் அத்தான் இருக்கிறார். செய்யாமல் வந்த தட்டை வாங்கிக்கொண்டால் அத்தான் இல்லை. விஷயம் அவ்வளவுதான்.

அப்போது நான் மண்டி வேலையில் சேர்ந்து திருச்சியில் தங்கியிருந்தேன். கார்த்திகைக்கு உடன்பிறந்தவளுக்குச் சீர் கொண்டுபோவது என் கடமை. இந்த வருஷம் வேண்டாம் என்று எனக்கும் சொல்லியிருந்தார்கள். உறையூரில் சேலைக்கடையில் நின்றேன்.

"யாருக்குங்க?" என்றார் கடைக்காரர்.

"அக்காவுக்கு."

"என்ன நிறத்துல எடுக்கட்டும்?"

"அரக்கு" என்றேன். கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது.

சேலை, மஞ்சள் குங்குமம், பழம் எல்லாம் தாம்பாளத்தில் ஏந்திக்கொண்டு போனவன், சந்து முனையில் நின்றுவிட்டேன். வீட்டு வாசலில் அத்தானின் அக்காள் நின்றுகொண்டிருந்தார். தெற்கு வாசல் பக்கம் வாழ்க்கைப்பட்டவர். அவர் கையில் மூடிய தட்டு ஒன்று இருந்தது. மூடியிருந்தாலும் அது எதற்கு வந்த தட்டு என்று தெருவுக்கே தெரியும்.

அக்கா என்னைப் பார்த்துவிட்டார். "ஏன்டா அங்கேயே நிக்கிற? சீர் கனக்குதா? உள்ள வா."

நான் உள்ளே போனேன். தாம்பாளத்தில் இருந்த சேலையின் நிறத்தைப் பார்த்து அத்தானின் அக்காளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"தம்பி, நீயுமா?" என்றார் என்னிடம். பிறகு அக்காவிடம், "எனக்கு மட்டும் ஆசையா? நான் தூக்கி வளர்த்த பிள்ளை அவன். மனசை ஆத்திக்கணும்னுதான் இதைக் கொண்டாந்தேன். வாங்கிக்கம்மா" என்றார்.

"குடுங்க அண்ணி" என்று அக்கா உடனே தட்டை வாங்கிக்கொண்டார். அக்கா ஒப்புக்கொண்டுவிட்டார் என்றே நினைத்தேன். அக்கா உள்ளே போய் அந்தத் தட்டில் இருந்த பொரி உருண்டைகளைப் பாத்திரத்தில் கொட்டிவிட்டு, உறியில் வைத்திருந்த தம் உருண்டைகளை எடுத்து அதே தட்டில் அடுக்கினார். மேலே ஒரு வெற்றிலை, கொட்டைப்பாக்கு. வாசலுக்கு வந்து நீட்டினார்.

"நம்ம வீட்டுக் கார்த்திகை. எடுத்துக்குங்க."

அத்தானின் அக்காள் கை நீட்டவில்லை. வாங்கினால் தம்பி உயிரோடு இருப்பதாக ஒப்புக்கொள்ள வேண்டும். நம்பி, பிறகு இன்னொரு தடவை இழக்க வேண்டும். அவர் பயந்தது அதற்குத்தான் என்று இப்போது எனக்குப் புரிகிறது.

"நாளைக்கு வேற மாதிரி சேதி வந்தா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"வந்த அன்னிக்கு உங்க தட்டை வெறுந்தட்டாத் திருப்பிக் குடுப்பேன் அண்ணி. சத்தியமா. இன்னிக்குக் குடுக்க மாட்டேன்."

பக்கத்து வீட்டு ஆடு ஒன்று என் தாம்பாளத்துப் பழத்துக்கு வாயை நீட்டியது. நான் அதை விரட்டிக்கொண்டிருந்தபோது அத்தானின் அக்காள் தட்டிலிருந்து ஒரு உருண்டையை எடுத்தார். கடித்தார். கடிபடவில்லை. பின்னும் அழுத்திக் கடித்தார்.

"பாகு முத்திப் போச்சும்மா" என்றார். சொல்லிவிட்டுத் தட்டை மார்போடு சேர்த்து வாங்கிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் கோயிலில் சொக்கப்பனை கொளுத்தியானதும், அக்கா தாமே கட்டிய மாவலியை என் கையில் கொடுத்து நடுத்தெருவில் சுற்றச் சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. பிள்ளைகள் "மாவலியோ மாவலி" என்று கத்தினார்கள். அத்தானின் அக்காளும் போகாமல் நின்று பார்த்தார். பொறி சொரியத் தொடங்கியதும், யுத்தகாலத்தில் விளக்கு வெளிச்சத்தைக் கண்காணிக்கப் போட்டிருந்த ஆள் ஓடிவந்தார்.

"அம்மா, மேலே ஏரோப்பிளேன் வந்தா இது தெரியும்மா. அணைக்கச் சொல்லுங்க."

அக்கா அண்ணாந்து பார்த்தார். முழு நிலா மதிலுக்கு மேல் வந்திருந்தது.

"முதல்ல அதை அணைச்சுட்டு வாங்க தம்பி. அப்புறம் நாங்க இதை அணைக்கிறோம்."

அவரும் மனிதர்தான். சிரித்துவிட்டு, "சீக்கிரம் முடிங்க" என்று சொல்லி அடுத்த தெருவுக்குப் போய்விட்டார். மாவலி தானாக அவியும்வரை நான் சுற்றினேன்.

கருமாதி நடக்கவில்லை. அதன் பின் வந்த ஒவ்வொரு பண்டிகைக்கும் அத்தானின் அக்காள் தட்டு கொண்டுவருவார், அக்கா நிரப்பி அனுப்புவார். யாருடைய பாகு பதமாக வந்தது என்று இருவருக்கும் போட்டியாகவே ஆகிவிட்டது. யுத்தம் முடிந்த பிறகும் நெடுநாள் சேதி இல்லை. அக்கா அதைப் பற்றி என்னிடம் பேசியதில்லை. நார் உரித்தார், மாலை கட்டினார், அடுத்த பௌர்ணமிக்கு வேண்டியதைச் சேர்த்தார்.

அத்தான் வந்தது பௌர்ணமியில் அல்ல. ஓர் அமாவாசை நாள், உச்சி வெயிலில். ஆற்றங்கரையில் கிடந்தவரை அந்த ஊர்க்காரர்கள் எடுத்துப் பிழைக்கவைத்துத் தங்களோடு வைத்திருந்தார்கள். வழி திறந்ததும் கப்பல் ஏறியிருக்கிறார். முற்றம் முழுவதும் நார் காய்ந்துகொண்டிருந்தது. அக்கா தலை நிமிர்ந்தார். வாசலில் நின்றவரைப் பார்த்தார்.

"நார் காயுது. மிதிக்காம வாங்க" என்றார்.

அத்தான் ஓரமாக நடந்து வந்து உட்கார்ந்தார். தண்ணீர் குடித்து முடித்துவிட்டு, "கார்த்திகை ஆயிடுச்சா?" என்று கேட்டார். "உங்களுக்காக ஒன்னும் நிறுத்தி வைக்கல" என்றார் அக்கா. அப்புறம்தான் அழுதார். அக்கா அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அதன் பிறகு அந்த வீட்டில் சில நல்ல வருஷங்கள் இருந்தன. மகளைத் துறையூரில் நல்ல இடத்தில் கட்டிக்கொடுத்தார்கள். அடுத்து அக்காவுக்கு நெஞ்சுநோய் கண்டது. படுக்கையில் இருந்தபடியே, கை சும்மா இருக்கக் கூடாதென்று தெருப்பிள்ளைகளுக்கு ஓலையில் விசிறியும் கிலுகிலுப்பையும் செய்து கொடுத்தார். போன ஐப்பசியில், கடைசி நாளுக்கு முந்தைய நாள், "ஜீயபுரத்துல பனம்பூவுக்குச் சொல்லி வச்சியாடா?" என்று என்னைக் கேட்டார். சொல்லிவைத்ததாகச் சொன்னேன். பனம்பூவும் சொன்னபடி வந்தது. அதற்குள் அக்கா இல்லை.

அடுத்த மாதமே கார்த்திகை. அத்தானின் அக்காள் தளர்ந்த காலோடு தெற்கு வாசலிலிருந்து நடந்தே வந்தார். அவர் கையில் அதே தட்டு இருந்தது. நான் எழுந்திருப்பதற்குள் அத்தான் வாசலுக்குப் போய் வாங்கிக்கொண்டார். இவருக்காக அக்கா துக்கத் தட்டாக ஏற்க மறுத்த அந்தத் தட்டை, அக்காவுக்காக இவர் ஏற்றுக்கொண்டார். உள்ளே கொண்டுபோய்க் கொட்டி, கழுவித் துடைத்து, வெறுமையாகத் தம் அக்காளின் கையில் கொடுத்தார். சத்தியம் அக்கா செய்தது. நிறைவேற்றியது அத்தான்.

அக்காவின் நோய்க்காலத்தில் கூலி பாராமல் வந்து பார்த்த மருத்துவர் ஐயாவுக்கும், முறை போட்டுக்கொண்டு அருகில் இருந்த பூக்கட்டும் சகோதரிகளுக்கும், பாடை கட்ட மூங்கிலும் கடைசி மாலைக்கு நாரும் அனுப்பிய ஜீயபுரத்தாருக்கும், நாள் கணக்குப் பாராமல் விடுப்புத் தந்த மண்டி முதலாளிக்கும், இந்த ஒரு வருஷமும் பண்டிகை தவறாமல் எங்களுக்குத் தட்டு கொண்டுவந்த ஒவ்வொரு வீட்டாருக்கும் அத்தான், மகள், நான் ஆகிய எங்கள் நன்றி.

உங்கள் தட்டுகளை வெறுமையாகத் திருப்பித் தந்தோம். வழக்கம் அது. இந்தத் திதியோடு அது முடிகிறது. பரணில் இருக்கிற போன வருஷத்துப் பனம்பூவை அத்தான் இறக்கிவிட்டார். வருகிற கார்த்திகைக்குச் சீர்த் தாம்பாளத்தை நான் அதே வீட்டுக்குத்தான் கொண்டுபோவேன். அன்று தட்டோடு வாருங்கள், நிரப்பி அனுப்புகிறோம். பாகு முத்தாமல் பார்த்துக்கொள்ள அத்தானின் அக்காள் காலையிலேயே வந்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்.