கை காட்டிய இடம்

மூன்று வருடங்களுக்கு முன், கேகாலைக்குப் பக்கத்தில் எங்கள் ரப்பர் தோட்டத்தில் நடந்தது இது. நான் தோட்டப் பாடசாலை அதிபராக இருந்து ஓய்வு பெற்றவன். சிங்களம் நன்றாகப் பேசுவேன் என்ற பெருமை எனக்கு உண்டு. அந்தப் பெருமைதான் என் மருமகளை ஒரு வருடம் வலியில் வைத்தது.

அவள் ஹட்டன் பக்கத்துப் பெண், சிங்களம் தெரியாது. மகன் கட்டாரில். அவள் தோட்டத்தில் ரப்பர் மரப் பட்டையைக் கீறிப் பால் வெட்டினாள். மரத்தில் வெட்டு தாழ்வாக இருந்தால் குந்தித்தான் வெட்ட வேண்டும். குந்தி எழும்போதெல்லாம் முகம் சுருங்கும்.

“இடுப்பு வலிக்குதுங்க மாமா” என்பாள்.

சிங்கள டாக்டரிடம் கூட்டிப் போய் அவளுக்காக நானே பேசினேன்: “கொந்த ரிதெனவா.” கொந்த என்றால் சிங்களத்தில் முதுகின் கீழ்ப்பக்கம், ரிதெனவா என்றால் வலிக்கிறது. முதுகைப் படம் பிடித்தார்கள், பழுதில்லை. மாத்திரையும் தைலமும் தீர்ந்தன, வலி தீரவில்லை. நடிக்கிறாள் என்று முடிவு கட்டினேன். அவள் காதுபடவே அவளுடைய அப்பாவுக்கு ஃபோன் எடுத்து, “ஒங்க மகளுக்கு வேல செய்ய மனசில்லைங்க, வந்து கூட்டிக்கிட்டுப் போங்க” என்றேன்.

“இன்னும் ஒரு எடத்துல காட்டிப் பாருங்க சம்பந்தி, அப்புறம் வாரேன்” என்றார் அந்த மனிதர்.

அப்படித்தான் மாவனல்லைக்குப் போனோம். உடற்பயிற்சிச் சிகிச்சை தருபவர் தமிழ் பேசும் முஸ்லிம் பெண். வழக்கம்போல நான் வாயைத் திறந்தேன்.

“ஐயா, வலி ஒங்களுக்கா?”

“இல்ல, மருமகளுக்கு.”

“அப்ப நீங்க வெளிய இரிங்க.”

கொஞ்ச நேரத்தில் உள்ளே இருவரும் சிரிப்பது கேட்டது. வலிக்கும் இடத்தைச் சொல்ல வேண்டாம், கையால் பிடித்துக் காட்டு என்றாராம். மருமகள் விரல்களை வளைத்து, கவட்டோடு சேர்த்துத் தொடைப் பொருத்தைக் கவ்விப் பிடித்தாளாம். கவட்டில் வலி என்று மாமனாரிடம் எந்தப் பெண் சொல்வாள்? கூச்சத்தில் இடுப்பு என்றாள். நான் அந்தக் கூச்சத்தைத்தான் மொழிபெயர்த்திருக்கிறேன்.

புதுப் படத்தில் தெரிந்தது. தொடை எலும்பின் உருண்டைத் தலை கொஞ்சம் புடைத்திருந்தது. ஆழமாக மடங்கும்போது குழியின் விளிம்பில் இடித்தது.

“ஆபரேஷனா?” என்றேன்.

“மொதல்ல பயிற்சி. குந்தவும் ஏலா, சம்மணம் போடவும் ஏலா. சரிவராட்டி அதப் பத்தி யோசிப்பம்.”

சம்பந்திக்கு ஃபோன் எடுத்து மன்னிப்புக் கேட்டேன். வேலை பிரித்துக் கொடுக்கும் தோட்டத்து ஐயாவிடம் போய், அவள் நடிக்கவில்லை, தப்பு என்னுடையது என்று சொல்லி, வெட்டு உயரமாக உள்ள மரங்களை அவளுக்குக் கேட்டு வாங்கினேன். வீட்டில் உட்கார உயரமான முக்காலி அடித்தேன். அவள் தினமும் மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்கினாள். ஒருக்களித்துக் காலைத் தூக்கினாள். முதல் மாதம் ஒன்றும் தெரியவில்லை. நான்காம் மாதம் ராத்திரியில் புரளாமல் தூங்கினாள்.

ஆறாம் மாதம் ஒருநாள் மலைப் பாதையில் மூச்சு வாங்க நின்றிருந்தேன். பின்னால் குரல்: “மாமா, தள்ளுங்க! பால் சிந்திரும்!” இரண்டு கையிலும் நிறைந்த வாளியோடு என்னைத் தாண்டி விறுவிறுவென்று ஏறிப் போனாள். ஆபரேஷன் கத்தி படாமலே வென்றுவிட்டாள். நான் அங்கேயே நின்று அழுதேன்.

இன்றும் ஆஸ்பத்திரியில் மொழிபெயர்க்க யாராவது என்னைக் கூப்பிட்டால் போகிறேன். ஆனால் எனக்குத் தெரிந்த இரண்டு மொழிகளையும்விட அவள் கை சரியாகப் பேசியது ஞாபகம் வர, “எங்க வலிக்குதுன்னு நீங்களே கைய வச்சுக் காட்டுங்க” என்று சொல்லிவிட்டு, திரும்பி நின்றுகொள்கிறேன்.